பேயா, நோயா? பேர் வைப்பது யார்?



இந்தப் பகுதியில் சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு, மருந்தடிக்கிறவர்கள் கட்ட வேண்டிய முகமூடி என்று உடம்பைப் பற்றித்தான் வழக்கமாக எழுதுகிறோம். இந்த மாதம் மனசைப் பற்றி எழுதுகிறேன். மனசு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். "எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கேட்கிறவர்கள்தான் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அந்தக் கேள்வியில்தான் நம்முடைய பாதிக் கஷ்டம் இருக்கிறது.

நம் லயங்களில் ஒரு ஆளுக்கு மனசு சரியில்லாமல் போனால் முதலில் என்ன நடக்கிறது? பேர் வைக்கிறோம். பயந்துட்டான், முனி அடிச்சிருச்சு, காத்து சேட்டை, செய்வினை, கண்ணூறு, கிரகம் சரியில்லை, கூட்டாளி எவனோ மருந்து வச்சிட்டான், மறை கழண்டிருச்சு. இப்படி எத்தனையோ பேர்கள். பேர் வைத்த பிறகு அந்த ஆள் போகிற வழி தீர்ந்துவிடுகிறது. முனி அடித்தது என்றால் பூசாரியிடம். செய்வினை என்றால் கீழே இறங்கித் தாப்பாவிலோ ஈப்போவிலோ உள்ள மந்திரவாதியிடம், இல்லாவிட்டால் மலாய்க்காரப் போமோவிடம். மறை கழண்டது என்றால் யாரிடமும் இல்லை. வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது. ஆஸ்பத்திரி கடைசியில்தான் வருகிறது.

ஆகவே நோய்க்கு வைக்கிற பேர் சாதாரணம் இல்லை. ஒரு ஆள் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அந்தப் பேரை வைப்பது யார், எதை வைத்து வைக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

உடம்பு பேசுகிற பாஷை

டிஸ்பென்சரிக்கு வந்து "ஐயா, எனக்கு மனச்சோர்வு" என்று சொன்ன ஆளை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் சொல்வதெல்லாம் வேறு. "நெஞ்சு எரியுதுங்க." "உச்சந்தலையில சூடு ஏறுது." "கை கால் ஓய்ஞ்சு போவுது." "வயித்துல இருந்து ஏதோ கெளம்பி மேல வந்து தொண்டையை அடைக்குது." "ராத்திரியில தூக்கமே இல்லீங்க, விடிய விடிய யோசனை." பெண்கள் சிலர் தயங்கித் தயங்கி வெள்ளைப்படுது என்பார்கள். ஒரு வாரம் வயிற்று மருந்து, இன்னொரு வாரம் தலைவலி மாத்திரை, அடுத்த வாரம் சத்து மாத்திரை என்று கொடுத்துக்கொண்டே போகலாம். நோய் போகாது.

இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சில மேலதிகாரிகள் நினைக்கிறார்கள். பெரட்டுக்கு வராமல் இருக்கச் சாக்கு என்கிறார்கள். அது தவறு. துன்பம் உடம்பு வழியாகப் பேசுவது நம் ஜனங்களிடம் மட்டும் உள்ள வழக்கம் இல்லை. இந்தியாவில் கோவாவில் டாக்டர் விக்ரம் பட்டேலும் அவருடைய குழுவும் வெள்ளைப்படுதல் என்று வந்த பெண்களை ஆராய்ந்தார்கள். அந்தப் புகார் கிருமியோடு சேர்ந்து வந்ததைவிட மனத் துன்பத்தோடுதான் அதிகமாகச் சேர்ந்து வந்தது. புருஷன் அடி, கடன், ஓயாத வேலை இவையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருந்தன.

சீனாவில் நடந்ததையும் கேளுங்கள். 1980களின் தொடக்கத்தில் ஹூனான் மாநிலத்தில் அமெரிக்க டாக்டர் ஆர்தர் கிளைன்மன் நரம்புத் தளர்ச்சி என்று பேர் எழுதப்பட்ட 100 நோயாளிகளைப் பார்த்தார். அமெரிக்கக் கணக்குப்படி அவர்களில் 87 பேருக்குக் கடுமையான மனச்சோர்வு. ஆனால் அவர்கள் சொன்னது தலைவலி, களைப்பு, தூக்கமின்மை. கலாச்சாரப் புரட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மனசு உடைந்துவிட்டது என்று வெளியில் சொன்னால் அரசியல் குற்றமாகக்கூட எடுத்துக்கொள்ளப்பட்ட நாடு அது. நரம்பு தளர்ந்துவிட்டது என்று சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எதைச் சொன்னால் மற்றவர்கள் காது கொடுப்பார்களோ அதைத்தான் மனிதன் சொல்கிறான்.

நரம்புத் தளர்ச்சி என்றதும் நம் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம் என்று விளம்பரம் வரும். விந்து வீணானால் உயிர்ச் சக்தி போய்விடும் என்ற பயத்தில் இளைத்து, தூக்கம் கெட்டு, பிஞ்சிலேயே வாடிப்போகிற பையன்கள் உண்டு. இதற்கு தாது நோய் என்று 1960ஆம் ஆண்டிலேயே பேர் கொடுத்து எழுதியவர் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக். அந்தப் பையனின் உடம்பில் குறை எதுவும் கிடையாது. ஆனால் அவன் படுகிற வேதனை நிஜம். லேகியக்காரன் அவன் பயத்தை விற்றுப் பணம் பண்ணுகிறான். படித்தவன் அவனைப் பார்த்துச் சிரிக்கிறான். இரண்டுமே வைத்தியம் ஆகாது.

டாக்டர் புத்தகத்திலும் பேர் மாறும்

"நாமதான் படிக்காத ஜனங்க, பேயி பிசாசுன்னு சொல்றோம். டாக்டர் வைக்கிற பேர் விஞ்ஞானம், அது மாறாது" என்று நினைக்கிறோம். டாக்டர்கள் வைக்கும் பேர்களும் காலத்தோடும் நாட்டோடும் மாறி வந்தவைதான்.

தோட்டத் தொழிலாளர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை இருக்கிறது. 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்று ஒரு டாக்டர். பருத்தித் தோட்டங்களில் இருந்து கறுப்பின அடிமைகள் ஏன் தப்பி ஓடுகிறார்கள் என்பதற்கு அவர் ஒரு காரணம் கண்டுபிடித்தார். அது ஒரு மன நோயாம்! டிராபெட்டோமேனியா என்று அதற்குக் கிரேக்க மொழியில் பேரும் வைத்தார். சவுக்கடியும் ஒரு வைத்தியம் என்று எழுதினார். தோட்டத்தை விட்டு ஓடுகிறவனுக்குப் பைத்தியம் என்று எழுதிய டாக்டர், மனிதனை மாடு மாதிரி விற்ற முதலாளியைப் பற்றி அப்படி எழுதவில்லை. நம் பாட்டன்மார் காலத்து மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. 1910ஆம் ஆண்டில்தான் அதற்கு முடிவு கட்டினார்கள். அந்தக் காலத்தில் ஓடிப்போன கூலியைக் குற்றவாளி என்றார்கள். அங்கே நோயாளி, இங்கே குற்றவாளி. பேர் வைத்தது இரண்டு இடத்திலும் தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களின் பக்கம்தான்.

அவ்வளவு தூரத்துக் காலம் வேண்டாம் என்றால் இதைக் கேளுங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியல் புத்தகம் ஒன்றை 1952 முதல் வெளியிட்டு வருகிறது. டி.எஸ்.எம். என்பார்கள். ஆணும் ஆணும் விரும்புவது, பெண்ணும் பெண்ணும் விரும்புவது அதில் நோயாக இருந்தது. 1973ஆம் ஆண்டில் அது நோயல்ல என்று முடிவு செய்து எடுத்துவிட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அத்தனை பேருக்கும் குணமாகிவிட்டதா? இல்லை. சமுதாயத்தின் பார்வை மாறியது, பட்டியலும் மாறியது.

நம் மண்ணில் பிறந்த இரண்டு சொற்கள்

இந்த வகைப் பிரச்சினை பற்றி உலகத்து டாக்டர்கள் முதன்முதலில் எழுதிய இடங்களில் நம் மலாயாவும் ஒன்று. அமோக், லத்தா என்ற இரண்டு மலாய்ச் சொற்கள் ஆங்கில மருத்துவப் புத்தகத்திலேயே ஏறிவிட்டன. அமோக் என்றால் கொஞ்ச நாள் மௌனமாக மனம் குமைந்திருந்த ஆள் திடீரென்று ஆயுதத்தை எடுத்துக் கண்ணில் பட்டவரை எல்லாம் வெட்டுவது. லத்தா என்றால் சட்டென்று திடுக்கிட வைத்தால் தன் வசம் இழந்து, எதிரே இருப்பவர் சொல்வதையும் செய்வதையும் அப்படியே திரும்பச் செய்வது. சிங்கப்பூர் மனநோய் மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த டாக்டர் கில்மோர் எல்லிஸ் 1893இல் அமோக் பற்றியும் 1897இல் லத்தா பற்றியும் லண்டன் மருத்துவ இதழில் எழுதினார். பிராங்க் சுவெட்டன்ஹாம் 1895இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதினார். நம் பகாங்கிலேயே ரெசிடெண்டாக இருந்த ஹியூ கிளிஃபோர்டும் எழுதினார். ஜெர்மன் நாட்டுப் பெரிய மனநல மருத்துவர் கிரெப்பலின் 1904இல் ஜாவாவுக்கே வந்து நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போனார்.

இவர்கள் கவனித்ததில் உண்மை உண்டு. ஆனால் ஒன்றை யோசியுங்கள். மலாய்க்காரர் ஒருவர் பத்துப் பேரை வெட்டினால் அது மலாய் ஜாதிக்கே உரிய நோய் என்றார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக்குள்ளும் கடைவீதியிலும் துப்பாக்கியோடு நுழைந்து சுடுகிறானே, அதை அமெரிக்க ஜாதியின் நோய் என்று யாராவது புத்தகத்தில் எழுதினார்களா? நம்முடையது என்றால் கலாச்சாரம், அவர்களுடையது என்றால் பொதுவான நோய். இந்த ஓரவஞ்சனையை மனநல மருத்துவர்களே பிற்பாடு உணர்ந்தார்கள். 1994இல் வந்த டி.எஸ்.எம். பட்டியலின் கடைசியில் கலாச்சாரத்தோடு கட்டுண்ட நோய்கள் என்று தனி அட்டவணை போட்டு அமோக்கையும் லத்தாவையும் அதில் சேர்த்தார்கள். 2013இல் வந்த பதிப்பில் அந்த அட்டவணையை எடுத்துவிட்டு, ஒன்பது சொற்களை மட்டும் உதாரணமாகக் கொடுத்தார்கள். அமோக்கும் லத்தாவும் அதில் இல்லை. விக் சொன்ன தாது நோய் இருக்கிறது, சீனர்களின் நரம்புத் தளர்ச்சி இருக்கிறது. எல்லா மனிதரின் எல்லா மன நோய்க்கும் அவரவர் கலாச்சாரம் உருவம் கொடுக்கிறது, வெள்ளைக்காரருக்கும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

பக்கத்து நாட்டில் நடந்த இன்னொன்று. 1967ஆம் ஆண்டுக் கடைசியில் சிங்கப்பூரில் ஒரு வதந்தி பரவியது. தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியைத் தின்றால் ஆண் உறுப்பு உள்ளே சுருங்கி ஆள் செத்துப்போவான் என்று. கோரோ என்று அதற்குப் பேர். நூற்றுக்கணக்கானோர் பயந்தடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், ஏனென்றால் அந்த நம்பிக்கை அவர்களிடம் பழையது. டாக்டர்கள் ரேடியோவிலும் பத்திரிகையிலும் விளக்கம் சொன்னார்கள், சீக்கிரத்திலேயே அடங்கிவிட்டது. நம்பிக்கை நோயாகும், நல்ல வார்த்தை மருந்தாகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பேர், குறையை மறைக்கும்

தொழிலாளர்களாகிய நாம் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். 1970களில் சிலாங்கூரிலும் பினாங்கிலும் ஏற்றுமதி வட்டாரங்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. கம்பத்தில் இருந்து வந்த மலாய்ப் பெண்கள் நாள் முழுக்க நுண்ணோக்கிக் கருவியில் கண்ணை வைத்து வேலை செய்தார்கள். திடீரென்று ஒருத்தி அலறுவாள், பேய் தெரிகிறது என்பாள். பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து அலறுவார்கள். நிர்வாகம் இதற்குக் கூட்டு ஹிஸ்டீரியா என்று டாக்டர் பேர் வைத்தது. போமோவைக் கூப்பிட்டு ஆடு அறுத்தது, மயக்க மாத்திரையும் கொடுத்தது, திரும்பத் திரும்ப வந்தவளை வேலையை விட்டு அனுப்பியது. அய்ஹ்வா ஓங் என்ற மலேசியாவில் பிறந்த ஆராய்ச்சியாளர் இதை 1987இல் புத்தகமாக எழுதினார். அந்தப் பெண்கள் வாயால் சொல்ல முடியாத எதிர்ப்பைத்தான் பேய் வழியாகச் சொன்னார்கள் என்பது அவர் கருத்து.

கவனியுங்கள், அங்கே பேய் என்றும் சொன்னார்கள், ஹிஸ்டீரியா என்றும் சொன்னார்கள். வேலை வேகம் அதிகம், மேஸ்திரியின் தொல்லை அதிகம், கழிவறைக்குப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. பேய்ப் பேரும் சரி, டாக்டர் பேரும் சரி, உண்மைக் காரணத்தை மூடுகிற போர்வையாகவும் ஆகலாம்.

நம் மலைக்கு வருவோம். டாக்டர் டி. மணியம் என்ற நம் நாட்டு மனநல மருத்துவர் கேமரன் மலையில் நடந்த தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் ஆராய்ந்து 1988இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் எழுதினார். இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம் என்று கண்டார். இதற்கு வெளியில் சொல்லப்படும் பேர் என்ன? "இந்தியர்களுக்கு உணர்ச்சி வேகம் ஜாஸ்தி." அமோக்கை மலாய்க்காரர் தலையில் கட்டியது மாதிரியே, இதை நம் தலையில் கட்டுகிறார்கள். குடி, கடன், வீட்டில் அடி, வேலைக்கு வெளியே வேறு போக்கிடம் இல்லாத வாழ்க்கை, பூச்சி மருந்து கைக்கு எட்டுகிற இடத்தில் கிடப்பது, இவையெல்லாம் கணக்கில் வர வேண்டாமா? கொடிய விஷமான பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். இது எத்தனை உயிரைக் காக்கும் என்பதை, அத்தகைய விஷங்களை முன்கூட்டியே தடை செய்து தற்கொலையைப் பெருமளவு குறைத்த இலங்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இலங்கைத் தமிழனுக்கும் சிங்களவனுக்கும் உணர்ச்சி வேகம் குறைந்துவிட்டதாலா குறைந்தது?

தற்கொலைக்கு முயன்றவரைச் சிறையில் போடலாம் என்றிருந்த 309ஆம் பிரிவை 2023இல் நம் பாராளுமன்றம் நீக்கியது. நேற்று வரை குற்றவாளி, இன்றைக்கு உதவி தேவைப்படும் ஆள். பேர் மாறினால் வாசல் மாறும் என்று முதலில் சொன்னேனே, இதுதான் அது. வெட்கத்தாலும் போலீஸ் பயத்தாலும் வீட்டில் மறைத்து வைத்தவர்கள் இனி அப்படிச் செய்யத் தேவையில்லை.

அப்படியானால் நோய் என்பதே இல்லையா?

"டிரஸர் ஐயாவே சொல்லிட்டாரு, எல்லாம் பேர்தான், மருந்து எதுக்கு" என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 1960களில் தொடங்கி ஒன்பது நாடுகளில் ஒரே முறையில் நோயாளிகளைப் பரிசோதித்தது. லண்டன், மாஸ்கோ, நைஜீரியாவின் இபடான், நம் இந்தியாவின் ஆக்ரா எல்லாம் அதில் உண்டு. காதில் குரல் கேட்பது, யாரோ தன் எண்ணத்தை இயக்குகிறார்கள் என்று நம்புவது, இந்த மாதிரி மனச்சிதைவு நோய் எல்லா இடத்திலும் இருந்தது. பேசுவது சாமியா, சைத்தானா, ரேடியோவா, உளவுப் போலீஸா என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. குரல் கேட்பது மாறவில்லை. இன்னொரு ஆச்சரியம், இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளில் நோயாளிகள் தேறியது பணக்கார நாடுகளைவிட நன்றாக இருந்தது. குடும்பம் கைவிடாததும், தேறிய அளவுக்கு ஏதாவது வேலை கொடுத்துச் சேர்த்துக்கொள்வதும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். இதைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் லயத்து ஜனங்கள் சேர்ந்து ஒருவரைத் தாங்குவதில் பலம் இருக்கிறது என்பதை என் அனுபவத்தில் நான் மறுக்க மாட்டேன்.

கோயில் விஷயத்திலும் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று. மனநோயாளிகள் குடும்பத்தாரோடு வந்து தங்குவார்கள். அடி கிடையாது, சங்கிலி கிடையாது. சின்னச் சின்ன வேலை செய்துகொண்டு சுமார் ஆறு வாரம் இருப்பார்கள். பெங்களூர் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் கூட்டாளிகளும் அங்கே தங்கிய 31 பேரைக் கணக்கெடுத்தார்கள். நோய்க்குறி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளிவந்தது. பயமில்லாத இடம், பரிவான குடும்பம், அதுவே பாதி மருந்து.

அதற்கு முந்தின ஆண்டு நடந்ததையும் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்குப் பக்கத்தில் இருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து செத்தார்கள். இவர்களைக் கொன்றது சாமியும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. சங்கிலி. நம் லயங்களில் ஒருவரைக் கட்டி வைத்தால், அது அம்மா கட்டினாலும் சரி, பூசாரி கட்டினாலும் சரி, ஏர்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பகுத்தறிவு பேசும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தைப்பூசத்தில் காவடி எடுத்து ஆடுகிறவருக்கும், தீமிதியில் அருள் வந்து ஆடுகிற அம்மாவுக்கும் நோய் என்று நினைக்காதீர்கள். திருவிழா முடிந்தால் மறுநாள் அவர் பெரட்டில் நிற்கிறார், கொழுந்து எடுக்கிறார், பிள்ளைக்குச் சோறு போடுகிறார். வேளை கெட்ட வேளையில் அருள் வருவதும், வந்தது போகாமல் நிற்பதும், சாப்பாடு தூக்கம் கெட்டு வேலையும் வீடும் பாழாவதும் வேறு. ஊர் ஏற்றுக்கொள்கிறதா, அந்த ஆளால் தன் வாழ்க்கையை நடத்த முடிகிறதா, இந்த இரண்டைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

நம் பாட்டிமார்களுக்கும் முந்தைய அறிவு

சங்க இலக்கியத்தில் வெறியாட்டு என்று ஒரு துறை இருப்பதைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண் இளைக்கிறாள், வெளுக்கிறாள். அம்மாவுக்குக் காரணம் தெரியவில்லை. வேலனைக் கூப்பிடுகிறாள். அவன் முருகன் பிடித்திருக்கிறான் என்று சொல்லி ஆட்டை அறுத்து ஆடுகிறான். ஆனால் அந்தப் பெண்ணின் தோழிக்குத் தெரியும், அவள் ஒருவனை விரும்புகிறாள், அவன் வரவில்லை, அதுதான் நோய் என்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னாலேயே நம் புலவர்கள் இந்தப் பேர் வைக்கிற விவகாரத்தைப் பாடிவிட்டார்கள். வேலன் ஒரு பேர் வைத்தான், தாய் அதை நம்பினாள். அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. தோழி ஒருத்திதான் கேட்டாள்.

தோட்டத்தில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறவர்கள் அந்தத் தோழியின் வேலையைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. நான் முன்னே சொன்ன டாக்டர் கிளைன்மனும் கூட்டாளிகளும் 1978இல் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று சிலவற்றை எழுதினார்கள். 2013 டி.எஸ்.எம். புத்தகத்திலும் அதே தினுசில் 16 கேள்விகள் உண்டு. நம் பாஷையில் அவை ரொம்பச் சுலபம்: "இதுக்கு நீங்க என்னா பேரு சொல்லுவீங்க? எதனால வந்திச்சுன்னு நெனைக்கிறீங்க? ஏன் அப்ப வந்திச்சு, அதுக்கு முந்தி ஏன் வரல? இதுல ஒங்களுக்கு எது ரொம்ப பயமா இருக்கு? வீட்டுல என்னா சொல்றாங்க? யாருகிட்ட காட்டுனீங்க?" இப்படிக் கேட்டால் கஞ்சி காய்ச்சக்கூட முடியாமல் படுத்திருந்த அம்மா வாய் திறக்கிறார். செய்வினை என்று அவர் சொன்னால், செய்தவர் யார் என்று கேளுங்கள். கொழுந்தனார் பேர் வரும், சீட்டுப் பணம் வரும், பாகப் பிரிவினை வரும். செய்வினை பொய்யாக இருக்கலாம். சண்டை பொய்யில்லை.

இன்றைக்கு நம் மலையில் நேபாளத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் இந்தோனேசியத் தோழர்களும் வேலை செய்கிறார்கள். நேபாளத்தில் மன் என்றும் திமாக் என்றும் இரண்டு சொல் உண்டு. மன் என்பது நெஞ்சு, அதில் வலி என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். திமாக் என்பது மூளை, அது கெட்டது என்றால் ஊரே ஒதுக்கும். அவரிடம் போய் "உன் மூளைக்கு வைத்தியம்" என்றால் ஓடிவிடுவார். "மனசு கனமாக இருக்கா, தம்பி?" என்று கேட்டால் உட்கார்ந்து பேசுவார். நமக்கும் அப்படித்தானே? பைத்தியம் என்று சொன்னால் அடிக்க வருகிற ஆள், மனசு சரியில்லையா என்று கேட்டால் கண் கலங்குகிறார். இலங்கை யாழ்ப்பாணத்தில் போரில் அடிபட்ட ஜனங்களுக்காக டாக்டர் தயா சோமசுந்தரம் மனவடு என்ற சொல்லைத் தலைப்பாக்கித் தமிழில் கைநூல் எழுதினார். வடு என்றால் யாருக்குப் புரியாது? நல்ல சொல் கிடைத்தால் வெட்கம் பாதி போய்விடும்.

தஞ்சோங் ரம்புத்தான் என்ற பேரையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 1911இல் திறந்த ஆஸ்பத்திரி அது. இன்றைக்கு அதன் பேர் ஹாஸ்பிட்டல் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி ஆஸ்பத்திரி. நாமோ பிள்ளைகளைத் திட்டுவதற்கு அந்த ஊர்ப் பேரை வைத்திருக்கிறோம். அந்த விளையாட்டுப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நாளைக்குத் தனக்குத் தூக்கம் கெட்டால் யாரிடம் சொல்லும்?

செய்ய வேண்டியவை

வீட்டில்: பூசாரியிடம் போக வேண்டும் என்றால் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள், இரண்டும் ஒன்றாக நடக்கட்டும். கீழ்க்கண்டவற்றுக்கு மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்: வலிப்பு (கையில் இரும்பைக் கொடுத்துப் பயனில்லை, வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்), பிள்ளை பெற்ற பெண் சில நாளிலேயே தூக்கமில்லாமல், சம்பந்தமில்லாமல் பேசுவது, காய்ச்சலோடு சேர்ந்த புத்தி மாறாட்டம், குடியை நிறுத்தியதும் கை நடுங்கி இல்லாததைக் காண்பது, சாகப் போகிறேன் என்ற பேச்சு. சாகும் பேச்சை விளையாட்டு என்று விடாதீர்கள். நேராகக் கேளுங்கள், கேட்டால் எண்ணம் வளராது. தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்து ஸ்டோரில் பூட்டிக் கிடக்கட்டும், வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. பிஃபிரெண்டர்ஸ் எண் 03-7627 2929. தானா ராத்தாவில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது.

மருந்து கொடுத்தால்: டாக்டர் எழுதியதை நாலு நாளில் நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். தாயத்தைக் கட்டிக்கொண்டே மாத்திரையைப் போடலாம், ஒன்றுக்கொன்று பகையில்லை.

சங்கத்தில்: வேலைச் சட்டம் 1955 கொடுக்கும் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு, உடம்புக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை. மனசு சரியில்லை என்று டாக்டர் கொடுத்த சீட்டைப் பார்த்துச் சிரிக்கிற மண்டோர், கிராணி யாராக இருந்தாலும் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் மூன்று விஷயத்தைச் சங்கம் கேட்க வேண்டும் என்பது என் யோசனை. ஒன்று, மனநல டாக்டரைப் பார்க்கக் கீழே போகிற நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் வண்டி வசதி. மாதா மாதம் மலை இறங்கிப் போய்வரும் செலவுக்குப் பயந்தே பலர் பாதியில் விடுகிறார்கள். இரண்டு, தமிழும் நேபாளியும் வங்காளமும் பேசத் தெரிந்த ஆலோசகர் குறிப்பிட்ட நாளில் தோட்டத்துக்கே வருவது. "தலை கிறுகிறுங்குது" என்பதை மொழிபெயர்ப்பாளர் வெறும் தலைவலி என்று சொன்னால் டாக்டர் என்ன செய்வார்? மூன்று, தோட்டத்தில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டாலோ முயன்றாலோ, உணர்ச்சி வேகம் என்று ஒரு வரியில் முடிக்காமல், கடன், வேலைப் பளு, மேலாளர் தொல்லை, விஷம் கிடைத்த விதம் எல்லாவற்றையும் விசாரித்துச் சங்கத்துக்கும் அறிக்கை தருவது.

தோழர்களே, பேர் வைப்பது எல்லாக் காலத்திலும் இருக்கும். பூசாரி வைப்பார், டாக்டர் வைப்பார், துரை வைப்பார். அவதிப்படுகிற ஆளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைக்கட்டும் என்பதுதான் நான் கேட்பது. உங்கள் லயத்தில் யாராவது இரண்டு வாரமாக ஒழுங்காகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் இன்றைக்குச் சாயங்காலமே போய் விசாரியுங்கள். அவருக்கு வர வெட்கமாக இருந்தால் நீங்கள் கூட்டிக்கொண்டு வாருங்கள். டிஸ்பென்சரியில் மனசுக்கென்று தனி வரிசை கிடையாது. காய்ச்சலுக்கு நிற்கிற அதே வரிசையில் நின்றால் போதும்.